செப்டம்பர் வெற்றிகளை எடைபோடுதல்: 2023 கொலராடோ அணி

2023 செப்டம்பர் மூன்றாவது வாரம் முடிந்தபோது, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அதிகம் பேசப்பட்ட அணி கொலராடோ பல்கலைக்கழக அணியே. முந்தைய ஆண்டு பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றிருந்த அந்த அணி, புதிய பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸின் கீழ் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று, தேசியத் தரவரிசையில் 19-ஆம் இடத்தில் நின்றது. அதன்பின் எஞ்சிய ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோற்று, 4 வெற்றி, 8 தோல்வி என்ற கணக்கில் பருவத்தை முடித்தது. பெரும்பாலான விமர்சகர்கள் இதை வீழ்ச்சி என்றே எழுதினார்கள். ஆட்டங்களின் புள்ளிவிவரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கு வர நேர்கிறது: செப்டம்பரில் ஆடிய அணியும் நவம்பரில் ஆடிய அணியும் தரத்தில் பெரிதாக வேறுபடவில்லை; முதல் மூன்று ஆட்டங்களின் முடிவுகளுக்கு அவை தாங்கக்கூடியதைவிட அதிகமான பொருள் ஏற்றப்பட்டது.

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடராதவர்களுக்காகச் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுவது நல்லது. பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைச் சுற்றியே தாக்குதல் அமைகிறது; அவருக்கு முன்னால் பருத்த உடல்வாகுள்ள ஐந்து தடுப்பாளர்கள் நிற்பார்கள்; எதிரணியினர் அவரை நெருங்காமல் காப்பதும், பந்தைச் சுமந்து ஓடுபவருக்கு வழி திறப்பதும் அந்த ஐவரின் வேலை. குவார்ட்டர்பேக் எறிவதற்கு முன்பே அவரைப் பந்தோடு கீழே வீழ்த்துவதை ‘சாக்’ என்பார்கள். எறிந்த பந்தை எதிரணி பறித்துக்கொண்டாலோ, கையிலிருந்து நழுவிய பந்தை எதிரணி கைப்பற்றினாலோ பந்தை வைத்திருந்த அணியின் முறை அத்துடன் முடிந்துவிடும்.

கல்லூரிப் பருவத்தின் தொடக்கத்தை மதிப்பிடுவது ஏன் கடினம் என்பதற்கான காரணங்கள் விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கின்றன. முறையான பருவத்தில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான். ஒரு கூடைப்பந்து அணி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆடுகிறது. வேறொரு கல்லூரியோடு பயிற்சி ஆட்டம் ஆடிப் பார்க்கும் வழக்கமும் இல்லாததால், முதல் ஆட்டமே உண்மையான முதல் சோதனையாகிவிடுகிறது. முதல் நிலைப் பிரிவில் அந்த ஆண்டு 133 அணிகள் இருந்தன. முறையான பருவத்தில் எந்த அணியும் அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சந்திப்பதில்லை. ஆளுக்கொரு வினாத்தாளை எழுதிய மாணவர்களை மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவதற்கு நிகரான வேலை அது.

இதில் பணமும் நுழைகிறது. பெரிய பல்கலைக்கழகங்கள் செப்டம்பரில் தங்கள் சொந்த மைதானத்துக்கு வந்து ஆடும்படி சிறிய கல்லூரிகளுக்குப் பெருந்தொகை கொடுக்கின்றன. சிறிய கல்லூரி தன் விளையாட்டுத் துறையின் ஆண்டுச் செலவில் ஒரு பகுதியை அந்த ஒரு பிற்பகலில் ஈட்டிக்கொள்கிறது. பெரிய கல்லூரி ஒரு வெற்றியையும் நுழைவுச்சீட்டு வருவாயையும் எதிர்பார்க்கிறது. இப்படி வாங்கப்பட்ட ஆட்டத்தில் ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் அதிலிருந்து தெரிந்துகொள்ள அதிகமில்லை. ஆட்டம் முடிவான பிறகு இரண்டாம் நிலை வீரர்கள் சேர்த்த கெஜங்கள் சராசரியை வீணாக உயர்த்திக் காட்டும்.

இவற்றோடு 2021-க்குப் பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி அந்த ஆண்டு தளர்த்தப்பட்டது. அதற்கு முன் ஓர் அணியின் கடந்த ஆண்டு ஆட்டம் அதன் இந்த ஆண்டு ஆட்டத்துக்கு நம்பகமான வழிகாட்டியாக இருந்தது. இப்போது ஒரே குளிர்காலத்தில் அணியின் பாதி மாறிவிடலாம். கொலராடோ அதன் உச்சம். சாண்டர்ஸ் 2022 டிசம்பரில் பொறுப்பேற்றதும் பழைய வீரர்களை வேறிடம் தேடிக்கொள்ளுமாறு வெளிப்படையாகவே சொன்னார். 2023 பருவம் தொடங்கியபோது எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் புதியவர்கள். உதவித்தொகை பெற்ற பழைய வீரர்களில் பத்துப் பேர் அளவில்தான் மிஞ்சியிருந்தார்கள். சாண்டர்ஸ் முன்பு பயிற்சியளித்த ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியிலிருந்து அவருடைய மகன் ஷெடூர் குவார்ட்டர்பேக்காக வந்தார். தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் ஆடும் அரிய வீரரான டிராவிஸ் ஹண்டரும் உடன் வந்தார். இப்படி ஓர் அணியை மதிப்பிட உதவும் முன்வரலாறு என்று எதுவும் இருக்கவில்லை.

முதல் ஆட்டம் செப்டம்பர் 2 அன்று ஃபோர்ட் வொர்த் நகரில், டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்தது. டி.சி.யு. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அணி எட்டு மாதங்களுக்கு முன் தேசிய இறுதிப் போட்டியில் ஆடியிருந்தது. பருவத்துக்கு முந்தைய தரவரிசையில் 17-ஆம் இடம் பெற்றிருந்தது. கொலராடோ மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது; கூடுதல் உதையோடு ஏழு புள்ளி) வித்தியாசத்தில் தோற்கும் என்பதே பந்தயக்காரர்களின் கணிப்பு. கொலராடோ 45-42 என்று வென்றது. ஷெடூர் 47 முறை எறிந்து 38 முறை வெற்றிகரமாகப் பந்தைச் சேர்த்து 510 கெஜம் எடுத்தார்; ஹண்டர் 11 பந்துகளைப் பிடித்து 119 கெஜம் எடுத்ததோடு, தற்காப்பில் நின்று ஒரு பந்தைப் பறிக்கவும் செய்தார். மறுவாரமே அணி 22-ஆம் இடத்துக்கு வந்தது.

அந்த ஆட்டத்தின் மறுபக்கமும் அதே புள்ளிவிவரத் தாளில் அச்சாகியிருந்தது. கொலராடோ பந்தைச் சுமந்து ஓடி எடுத்த கெஜம் வெறும் 55. டி.சி.யு. மொத்தம் 540 கெஜத்துக்கு மேல் எடுத்தது. அதில் ஏறத்தாழ பாதி, ஓடி எடுத்தது. அதாவது கொலராடோவின் முன்வரிசை (தாக்குதலிலும் தற்காப்பிலும் எதிராளியை நேருக்கு நேர் எதிர்கொண்டு நிற்பவர்கள்) தன் ஆட்களுக்கு வழி திறக்கவும் இல்லை, எதிராளியின் வழியை அடைக்கவும் இல்லை. டி.சி.யு. புள்ளியெடுக்கும் தொலைவை எட்டியிருந்தபோது கொலராடோ இரண்டு பந்துகளைப் பறித்தது. அந்தத் தொலைவில் ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக நான்கைந்து புள்ளிகள் கிடைப்பது வழக்கம். மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் இந்த இரண்டு பறிப்புகளின் எடை என்ன என்பதைக் கணக்கிட அதிகத் திறமை வேண்டியதில்லை. ஹண்டரின் பறிப்பு அபாரமானது; அதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அதுபோன்ற ஒன்று வாராவாரம் நிகழும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

எதிராளியின் தரமும் உடனடியாகத் தெரியவில்லை. இறுதிப் போட்டி ஆடிய டி.சி.யு. அணியிலிருந்து எட்டு வீரர்கள் அந்த ஏப்ரலில் தொழில்முறைக் கழகங்களால் தேர்வு செய்யப்பட்டிருந்தார்கள். குவார்ட்டர்பேக் மாக்ஸ் டக்கன் போய்விட்டார், தாக்குதலை வகுத்த துணைப் பயிற்சியாளர் கிளெம்சனுக்கு மாறிவிட்டார். 17 என்ற எண் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் நினைவுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பு. பருவம் முடிந்தபோது டி.சி.யு. 5 வெற்றி, 7 தோல்வி.

இரண்டாம் வாரம் நெப்ராஸ்கா, சொந்த ஊரான போல்டரில். 36-14 என்ற இந்த வெற்றிதான் மூன்றிலும் மிக வசதியாகத் தோன்றியது. ஆனால் முதல் பாதியில் கொலராடோவின் தாக்குதல் தடுமாறியது. நெப்ராஸ்கா தன் தவறுகளாலேயே நான்கு முறை பந்தை இழந்தது. அப்படியிருந்தும் அது 200 கெஜத்துக்கு மேல் ஓடி எடுத்தது. ஷெடூர் ஏழெட்டு முறை சாக் செய்யப்பட்டார். ஒரு வெற்றி பெற்ற அணியின் குவார்ட்டர்பேக் அத்தனை முறை மண்ணில் விழுவது அபூர்வம். விழுந்தெழுந்து அவர் 393 கெஜம் எறிந்தார் என்பதே தலைப்புச் செய்தியானது.

மூன்றாம் ஆட்டம் அண்டை நகரக் கல்லூரியான கொலராடோ ஸ்டேட்டுக்கு எதிரானது. அந்த அணி தன் முதல் ஆட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட்டிடம் 50-24 என்று தோற்று வந்திருந்தது. கொலராடோ எளிதில் வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆட்டம் இரண்டு கூடுதல் நேரங்கள் வரை நீண்டு 43-35 என்று முடிந்தது. கடைசி இரண்டு நிமிடங்களில் தன் கோல் கோட்டின் அருகிலிருந்து 98 கெஜம் முன்னேறி, 36 விநாடி மிச்சமிருக்கையில் டச் டவுன் எடுத்து, அதையடுத்துக் கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சியிலும் வென்று ஆட்டத்தைச் சமன் செய்தது கொலராடோ. எதிரணி 17 விதிமீறல்களுக்காக 182 கெஜம் தண்டனை பெற்றிருந்தது. அந்த எண்ணைக் கவனித்தவர்கள், ஒழுங்கோடு ஆடக்கூடிய எதிராளி கிடைத்தால் என்னவாகும் என்று கேட்டிருக்க வேண்டும். இதே ஆட்டத்தில் பந்து கடந்துபோன பிறகு எதிரணி வீரர் ஒருவர் மோதியதில் ஹண்டரின் கல்லீரல் கிழிந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களில் அவர் ஆடவில்லை.

இந்த இரண்டு எதிராளிகளும் பருவ முடிவில் எங்கே நின்றார்கள் என்று பார்த்தால், நெப்ராஸ்கா 5-7. கொலராடோ ஸ்டேட் 5-7. மூன்று வாரங்களில் வீழ்த்தப்பட்ட மூன்று அணிகளும் ஒரே கணக்கில் முடித்திருக்கின்றன. பருவ இறுதியில் கூடுதல் ஆட்டத்துக்குத் தகுதி பெற ஆறு வெற்றிகள் வேண்டும். மூன்றுமே ஒரு வெற்றி குறைவாக நின்றுபோயின. செப்டம்பரில் இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்பதுதான் தொடக்கப் பருவ மதிப்பீட்டின் அடிப்படைத் தடை: ஒரு வெற்றியின் மதிப்பு அது நிகழ்ந்த நாளில் முடிவாவதில்லை, தோற்ற அணி அதன்பின் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து டிசம்பர் வரை ஏறியும் இறங்கியும் வருகிறது.

அன்றே தெரிந்த ஒன்று உண்டு, அது முன்வரிசை. எதிராளி யாராக இருந்தாலும் வாரத்துக்கு வாரம் அதிகம் மாறாத கூறு அது. முன்வரிசையின் வலு ஆடவரும் ஆட்களின் எடை, வயது, சேர்ந்து ஆடிய அனுபவம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அவற்றைப் பருவத்தின் நடுவில் திருத்துவது எளிதன்று. பந்து கைமாறும் எண்ணிக்கை அப்படிப்பட்டதன்று. நழுவி உருளும் பந்தை எந்த அணி கைப்பற்றும் என்பது நீண்ட காலக் கணக்கில் பாதிக்குப் பாதிதான். ஆகவேதான் தேர்ந்த புள்ளியியலாளர்கள் வெற்றி தோல்வியை ஒதுக்கிவைத்து ஒவ்வொரு வாய்ப்பையும் தனித்தனியே எடைபோடுகிறார்கள். முதல் வாய்ப்பில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 விழுக்காடு, மூன்றாவது அல்லது நான்காவதில் முழுத் தூரமும் கிடைத்தால் அதை வெற்றிகரமான வாய்ப்பு என்று குறிக்கும் முறை பரவலாக வழங்குகிறது. ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் அறுபது, எழுபது வாய்ப்புகள் கிடைப்பதால், மூன்று ஆட்டங்களில் மூன்று முடிவுகளுக்குப் பதிலாக இருநூறு தரவுகள் கையில் இருக்கும். இந்தக் கணக்கர்களில் சிலர் பருவத்துக்கு முந்தைய மதிப்பீட்டையும் பல வாரங்களுக்குக் கைவிடாமல், புதிய தரவு சேரச்சேர அதன் பங்கைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். இது பலருக்குப் பிடிவாதம்போலத் தோன்றும். மூன்று ஆட்டங்களை மட்டும் நம்புவதைவிட அது குறைவாகவே தவறுகிறது.

பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பு அவ்வளவு நிதானமாக நடப்பதில்லை. அசோசியேட்டட் பிரஸ் 1936 முதல் நடத்திவரும் வாராந்திரத் தரவரிசையில், வென்ற அணி ஏறும், தோற்ற அணி இறங்கும். எப்படி வென்றது என்பதற்கு இடம் குறைவு. பருவம் தொடங்கும் முன் வெளியாகும் முதல் பட்டியலே நங்கூரமாகிவிடுகிறது. 2024-இல் ஃபுளோரிடா ஸ்டேட் பத்தாம் இடத்தில் தொடங்கியது. டப்ளின் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கிடம் 24-21 என்று தோற்றது. பருவத்தை 2-10 என்று முடித்தது. தேசியச் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளைத் தீர்மானிக்கும் தேர்வுக் குழு தன் முதல் பட்டியலை அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோதான் வெளியிடுகிறது என்பது, அமைப்பாளர்களுக்கே செப்டம்பர் மீது எவ்வளவு நம்பிக்கை என்பதைக் காட்டுகிறது.

கொலராடோவின் நான்காம் ஆட்டம் பத்தாம் இடத்திலிருந்த ஒரிகனுக்கு எதிராக, யூஜின் நகரில். இடைவேளையில் 35-0, முடிவில் 42-6. கொலராடோ மொத்தமே 200 கெஜத்தை எட்டவில்லை. ஹண்டர் இல்லாததைக் காரணமாகச் சொல்லலாம், அது பாதி உண்மை. ஒரிகனின் முன்வரிசை செய்ததை நெப்ராஸ்காவின் முன்வரிசை இரண்டு வாரம் முன்பே செய்திருந்தது என்பது மற்றொரு பாதி. பருவம் முழுவதும் ஷெடூர் ஐம்பது முறைக்கு மேல் சாக் செய்யப்பட்டார். ஓடி எடுத்த கெஜத்தில் கொலராடோ சராசரியாக ஆட்டத்துக்கு 69 என்ற அளவில் முதல் நிலைப் பிரிவின் கடைசி இடத்தில் முடித்தது. டி.சி.யு. ஆட்டத்தின் 55 ஒரு விதிவிலக்கல்ல என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

இங்கே எதிர்த்திசை மிகைப்படுத்தலும் நிகழ்ந்தது. எட்டுத் தோல்விகளில் ஐந்து, ஒரு டச் டவுன் அளவிலோ அதற்கும் குறைவாகவோ முடிந்தவை: தெற்குக் கலிபோர்னியாவிடம் 48-41, ஸ்டான்ஃபோர்டிடம் 46-43, ஒரிகன் ஸ்டேட்டிடம் 26-19, அரிசோனாவிடம் 34-31, யூட்டாவிடம் 23-17. ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்தில் இடைவேளையின்போது கொலராடோ 29-0 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணியின் எலிக் அயோமனார் என்ற ஒரே வீரர் 294 கெஜம் பிடித்து அதை விழுங்கினார். ஸ்டான்ஃபோர்டு அந்த ஆண்டு 3-9. நெருக்கமான ஆட்டங்களை செப்டம்பரில் வென்றபோது அதை மன உறுதி என்றார்கள். அக்டோபர், நவம்பரில் தோற்றபோது மன உறுதி இல்லை என்றார்கள். ஒரே அணி, ஒரே வகை ஆட்டம், முடிவு மட்டும் மறுபக்கம் சாய்ந்தது. 4-8 என்பது முந்தைய ஆண்டின் 1-11-ஐவிடத் தெளிவான முன்னேற்றம். 3-0 என்ற தொடக்கம் இல்லாமல், அந்த நான்கு வெற்றிகளும் பருவம் முழுக்கப் பரவி வந்திருந்தால் அப்படியே பாராட்டப்பட்டிருக்கும்.

தொடக்கத் தோல்விகளும் இதே அளவுக்கு ஏமாற்றும். 2014-இல் ஒஹாயோ ஸ்டேட் தன் இரண்டாம் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்றது. முதன்மைக் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்டில் காயமுற்று விலகியிருந்தார். அவர் இடத்துக்கு வந்த ஜே.டி. பாரெட் 29 முறை எறிந்து ஒன்பதை மட்டுமே சேர்த்தார், மூன்று பந்துகள் பறிபோயின, ஏழு முறை சாக் செய்யப்பட்டார். முன்வரிசை ஐவரில் நால்வர் புதியவர்கள். கொலராடோவின் நோயேதான் என்று மேலோட்டமாகத் தோன்றும். வித்தியாசம், அந்த நால்வரும் ஓராண்டோ அதற்கு மேலோ அதே கல்லூரியில் வளர்ந்து முறைக்காகக் காத்திருந்தவர்கள் என்பதில் இருந்தது. சேர்ந்து ஆடும் அனுபவம்தான் குறைவு, ஆளின் தரம் குறைவில்லை. வர்ஜீனியா டெக் பயன்படுத்திய, தடுப்பாளர்கள் மேல் நேரடியாக நெருக்கும் அமைப்புக்கு அவர்கள் வாரங்களில் விடை கண்டார்கள். நவம்பர் இறுதியில் பாரெட்டும் கணுக்கால் முறிந்து விலக, மூன்றாம் நிலைக் குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸைக் கொண்டு அணி ஒரிகனை 42-20 என்று வென்று சாம்பியன் ஆனது. நாட்டர் டேமின் 2024 கதையும் அதற்கு நெருங்கியது: 14 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த நார்தர்ன் இல்லினாயிடம் செப்டம்பர் 7 அன்று 16-14 என்று தோற்று, பிறகு ஒரு தோல்வியுமின்றித் தேசிய இறுதிப் போட்டிவரை சென்றது. நார்தர்ன் இல்லினாய் அந்த ஆட்டத்தில் இரண்டு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) முயற்சிகளைக் கையால் தட்டித் தடுத்தது. ஒரு பருவம் முழுக்க இரண்டைத் தடுத்தாலே அது நல்ல எண்ணிக்கை.

ஆகவே குறை எத்தகையது என்பதே கேள்வி: பழக்கத்தால் தீரக்கூடியதா, ஆள் மாற்றத்தால் மட்டும் தீரக்கூடியதா? இந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரத்தில் மட்டும் விடை கிடைக்காது. யார் எத்தனை ஆண்டு அந்தக் கல்லூரியில் இருக்கிறார், காத்திருப்பில் யார் இருக்கிறார் என்ற விவரமும் தேவை.

எனினும் முன்வரிசை எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் வாதிட்டால், கொலராடோவின் அடுத்த ஆண்டே மறுக்கும். 2024-இல் அந்த அணி 9 வெற்றி, 4 தோல்வி என்று முடித்தது. ஹண்டர் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். ஓடி எடுத்த கெஜத்திலோ மறுபடியும் முதல் நிலைப் பிரிவின் கடைசி இடம்தான். மாறியது தற்காப்பு. 2023-இல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 35 புள்ளி கொடுத்த அணி, புதிய தற்காப்புத் துணைப் பயிற்சியாளர் ராபர்ட் லிவிங்ஸ்டனின் கீழ் அதை 23-க்கு இறக்கியது. ஓட்டம் இல்லாமலே ஓர் அணி பிழைக்கலாம், எதிராளியை நாற்பது புள்ளி எடுக்க விடாத வரையில்.

அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் இது தெரிந்ததா என்றால், தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. முதல் ஆட்டத்தில் ஒரு படி கீழே உள்ள பிரிவின் நார்த் டகோட்டா ஸ்டேட்டை 31-26 என்று தட்டுத்தடுமாறி வென்றார்கள். இரண்டாம் ஆட்டத்தில் நெப்ராஸ்காவிடம் 28-10 என்று தோற்றார்கள்; முந்தைய ஆண்டைப் போலவே ஷெடூர் திரும்பத்திரும்பச் சாக் செய்யப்பட்டார். ‘பழைய கதைதான்’ என்ற தீர்ப்பு உடனே வந்தது. அந்த 28 புள்ளிகளும் முதல் பாதியில் வந்தவை. இரண்டாம் பாதியில் நெப்ராஸ்கா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பெரிய முன்னிலை பெற்ற அணி நேரத்தைக் கடத்த ஆடும் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மறுவாரம் கொலராடோ ஸ்டேட் ஒன்பது புள்ளிகளோடு நின்றுபோனபோது, அந்த இரண்டாம் பாதியை மீண்டும் ஒருமுறை பார்ப்பதற்குக் காரணம் கிடைத்தது.